டெமோவைக் கடைசியில் வைத்தவன்

ஆர்வோ லஹ்தியிடம் சார்ஜர் கேட்பதாக இருந்தால் முதலில் உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரைக் கொடுத்துவிடுவான். கொடுத்த கையோடு, எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர் என்று சட்டம் போடத் துப்பில்லாத அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பிப்பான். அங்கிருந்து பேட்டரியைக் கழற்ற விடாமல் பசை போட்டு ஒட்டும் கம்பெனிகளுக்குத் தாவுவான். எங்கள் அலுவலகத்தில் டயர் கடைகளுக்கு ஆப் செய்கிறோம். அவனுக்குப் பக்கத்து மேசை எனக்கு. பல வருடமாக என் காதை அவனுக்கு நேர்ந்துவிட்டிருக்கிறேன்.

"ஒரே தடவ புரோகிராம் எழுதினா ரெண்டு வகை போன்லயும் ஓடும்னு ஒருத்தன் டூல் விக்கிறான் பாரு, அது ரெண்டுலயும் நொண்டும்" என்பான். மடிக்கிற போனைக் கண்டால், "மடிச்சு வெக்க இதென்ன கைக்குட்டையா?" என்பான். வாய் ஓயாது. ஆனால் சொல்வதில் முக்கால்வாசி சரியாக இருந்து தொலைக்கும். அதனால்தான் அவன்மேல் கோபமாகவும் வரும்.

அவன் சொந்தமாகச் செய்தது ஒரே ஒரு ஆப். அது அவன் அக்கா இல்மாவுக்காக. இல்மாவுக்குக் கண் தெரியாது. மேட்டுத்தெருவில் இருக்கும் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து உருட்டுகிற வேலை. அவர் நிற்கும் நிறுத்தத்தில் மூன்று பஸ்கள் வரும். ஆறாம் நம்பர்தான் கடைக்குப் போகும். ஒரு ஜனவரியில் ஒன்பதில் ஏறி, ஏரிக்கரைத் துறைமுகத்தில் இறங்கிவிட்டார். ஏரிக்காற்றில் திரும்பும் பஸ்ஸுக்கு நின்றதில் இரண்டு விரல் மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. மாவு பிசைகிற கை அது. அந்த வாரமே ஆர்வோ உட்கார்ந்து எழுதினான். பஸ்கள் எங்கே வருகின்றன என்ற தகவலை எங்கள் நகராட்சி அப்போது எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தது. அதை வாங்கி, "ஆறு வருது, கையத் தூக்கு" என்று போன் பேசும். ஆர்வோவின் குரலிலேயே பேசும். கை தூக்கினால்தான் எங்கள் ஊரில் பஸ் நிற்கும்.

போன இலையுதிர்காலத்தில் நகராட்சி அந்தத் தகவலை மூடி, ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கத் திட்டம் போட்டது. இனிமேல் கம்பெனியின் ஆப் மட்டும்தான். சோதனைக்காக வெளியிட்டதை இல்மா போட்டுப் பார்த்தார். கண் தெரியாதவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் வசதி எல்லா போனிலும் உண்டு. ஆனால் ஆப் செய்கிறவன் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதவில்லை. இல்மா எங்கே தொட்டாலும் போன், "பட்டன். பட்டன். பட்டன்" என்றது. அக்காவும் தம்பியும் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

தகவலை மூடக்கூடாது என்று கேட்க ஒரே வழிதான் இருந்தது, நகரசபைக் கூட்டம். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பொதுஜனம் மூன்று நிமிடம் பேசலாம். ஆர்வோ பெயர் கொடுத்தான். என் காரில்தான் போனோம்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்டா" என்றார் இல்மா பின்சீட்டிலிருந்து. "என் போன மைக் கிட்ட வெச்சு நாலு எடத்துல தொடு. அது போதும்."

"அது டெமோ, இல்மா. டெமோவ எடுத்த ஒடனே காட்டக் கூடாது. பிரச்சனை என்னன்னு சொல்லிட்டுத்தான் காட்டணும்."

"பிரச்சனையே அதுதாண்டா."

"நான் பாத்துக்கறேன்."

டெமோவைக் கடைசியில் வைப்பது ஆப் செய்கிற எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மைக் முன்னால் போய் நின்றான். நேரம் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. வரிப்பணத்தில் வாங்கிய தகவல் மக்கள் சொத்து என்று நன்றாகத்தான் தொடங்கினான். பிறகு அந்தக் கம்பெனி எந்தக் கருவியில் ஆப்பைச் செய்திருக்கிறது என்பதற்குள் போனான். அது ஏன் மட்டமான கருவி என்றான். தேதியை அவர்கள் எழுதும் முறை தப்பு என்றான். உறுப்பினர் ஒருவர் கொட்டாவியை மறைத்தார். மஞ்சள் விளக்கு வந்தது. அவன் கவனிக்கவில்லை. "இப்ப ஒரு சின்ன டெமோ" என்று இல்மாவின் போனை எடுத்தபோது சிவப்பு எரிந்து மைக் அணைந்தது. போன் என்னவோ முணுமுணுத்தது. முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"நன்றி, மிஸ்டர் லஹ்தி" என்றார் தலைவர் அம்மா.

இல்மா எழுந்து நின்றார். "நான் பேசலாமா? அந்த ஆப்ப தெனமும் பயன்படுத்த வேண்டியவ நான்தான்."

தலைவர் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. கெட்ட மனுஷி இல்லை. "பேர் குடுத்தவங்க மட்டுந்தாங்க பேசலாம். கூட்டம் ஆரம்பிச்சதுக்கப்புறம் சேக்க முடியாது. என் கையில ஒண்ணும் இல்லீங்க."

பனி அள்ளும் வண்டி வாங்குவதையும் பஸ் தகவல் ஒப்பந்தத்தையும் சேர்த்து ஒரே ஓட்டில் நிறைவேற்றிவிட்டார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

புது வருடத்தோடு தகவல் நின்றது. ஆர்வோவின் ஆப் வாயை மூடிக்கொண்டது. கால அட்டவணையை வைத்து ஒப்பேற்றப் பார்த்தான். பனிக்காலத்தில் எந்த பஸ் அட்டவணைப்படி வருகிறது? தினமும் காலையில் அக்காவோடு போய் நின்றான். சில நாளிலேயே இல்மாவுக்கு அது பிடிக்காமல் போயிற்று.

"வாழ்நாள் பூரா என்கூட வந்து நிப்பியா? நாளைக்கு நான் தனியாப் போறேன். நீ எறங்கி வரக்கூடாது, ஆமா."

மறுநாள் எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, நானும் ஆர்வோவும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இல்மா வெள்ளைக்கோலோடு நின்றார். பஸ் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கினார். வந்து நின்றது ஒன்பது. கதவு திறந்தது.

"இது எந்த பஸ்ஸுங்க?"

"ஒன்பதுங்க, துறைமுகம் போறது" என்றார் டிரைவர். இளம் வயது, நல்ல சுபாவம். "ஏங்க இப்பிடி குளிர்ல நின்னு ஒவ்வொரு பஸ்ஸா நிறுத்திக் கேக்கறீங்க? புது ஆப் விட்டிருக்காங்களே, அதுல எல்லாம் வருமாம். எங்களுக்கு வகுப்பே எடுத்தாங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப வசதியாம். யாரையாவது விட்டுப் போடச் சொல்லுங்க."

"சரிங்க" என்றார் இல்மா.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஆறு வந்தது. நிறுத்தத்தில் யாரும் கை தூக்கவில்லை. நின்றிருந்த ஒன்பதைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டது. ஆர்வோ ஹாரனை அழுத்தினான். ஊரில் ஹாரன் அடிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஒன்பதும் கிளம்பிப் போனது. இல்மா ஒரு அடி பின்னால் வந்து, கோலைக் கை மாற்றிக்கொண்டார். அடுத்த சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு, இந்த முறை விட்டுவிடக் கூடாது என்று முன்கூட்டியே கையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.