மங்கை டாக்டரும் இருக்கன்குடிக்குப் போகாத இருவரும்

விருதுநகர் ரயில் நிலையத்தில் மதுரை வண்டிக்காகக் காத்திருந்தபோது மங்கை டாக்டரின் தம்பி கைபேசியில் அழைத்தார். "டாக்டர், அக்கா காலையில போயிருச்சு. தூக்கத்துலயே." வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாத்தூரில் ஒரே கட்டடத்தில், ஒரே வராந்தாவைப் பகிர்ந்துகொண்டு, பல ஆண்டுகள் நாங்கள் இருவரும் மருத்துவம் பார்த்தோம். நான் குழந்தைகள் மருத்துவன். டாக்டர் மங்கையர்க்கரசி பொது மருத்துவர். பலகையில் முழுப் பெயர் எழுதியிருந்தாலும் ஊருக்கு அவர் மங்கை டாக்டர்தான். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த வராந்தாவில் உட்கார்ந்து, கதவைத் தாண்டி வரும் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். மெதுவாகப் பேச அவருக்கு வராது. "தண்ணியாப் போகுதா, சளி மாதிரிப் போகுதா? ரத்தம் இருந்துச்சா?" என்று உள்ளே கேட்பார். வெளியே இருப்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். ஒருமுறை அதை அவரிடம் சொன்னேன். "மலத்தப் பத்திக் கேக்காம வயித்துக்கு வைத்தியம் பாக்குறது, முகத்தப் பாக்காம பொண்ணுக்குப் பூ வைக்கிற மாதிரி டாக்டர்" என்றார்.

வயிற்றுப்போக்கு என்றால் எங்கள் பக்கம் மருந்துக்கடையிலேயே பதில் தயாராக இருக்கும். பூச்சிக்கு ஒரு மாத்திரை, போக்கை நிறுத்த ஒரு மாத்திரை. மங்கை டாக்டருக்கு அது ஆகாது. "மொதல்ல உப்புச் சர்க்கரைத் தண்ணியக் குடு. பேரு அப்புறம் வைப்போம்" என்பார். பெயர் வைப்பதில் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் அக்காள் கணவர் சிவகாசியில் அச்சகம் நடத்தியவர். வயிற்றில் அமீபா இருப்பதாகத் தானே முடிவு செய்து, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு மங்கை டாக்டரிடம் போயிருக்கிறார். "தூக்கத்துல இருந்து எந்திரிச்சுப் போறீகளா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறார் அத்தான். "வேட்டி இடுப்புல நிக்குதா?" அத்தான் பெல்ட்டைக் காட்டினார். புதிதாக ஓட்டை போட்டிருந்தது. "இது பூச்சியாவும் இருக்கலாம். ஆனா பூச்சின்னு நெனச்சுக்கிட்டே இனி ஒரு நாளும் ஓட்ட வேண்டாம். மதுரைக்குப் போயி குழாய் விட்டுப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தார். பெருங்குடலில் கட்டி. நேரத்தில் எடுத்துவிட்டார்கள். மங்கை டாக்டரின் இறுதி ஊர்வலத்தில் அத்தான் மாலையோடு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அவரைப் பற்றி நான் அதிகம் நினைப்பது முத்துமாரி விஷயத்தில்தான். முத்துமாரி சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் திரி வைக்கும் வேலை பார்த்தவர். கல்யாணம், காதுகுத்து என்றால் சமைக்கவும் போவார். ஓர் ஆடி மாதம், கூட வேலை பார்க்கும் பெண்கள் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போனார்கள். ஆற்று மணலில் முத்துமாரிதான் எல்லாருக்கும் சோறும் கிடாக்கறிக் குழம்பும் ஆக்கிப் போட்டார். ஊர் திரும்பிச் சில நாட்கள் ஒன்றுமில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக அந்தப் பெண்களுக்கு வயிறு கெட்டது. நின்றது போல நின்று மறுபடி தொடங்கியது. முத்துமாரியின் கைதான் காரணம் என்று பேச்சு பரவியது. அதை உரக்கச் சொன்னவர் ராக்கம்மாள் என்ற மூத்த தொழிலாளி.

முத்துமாரி வந்த அன்று நான் மங்கை டாக்டரின் அறையில் இருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. நான் ஆக்குன சோறுதான் எல்லாரையும் படுக்க வச்சிருச்சுங்காக. காதுகுத்துக்குச் சொன்ன வீட்டுல வேண்டாம்னுட்டாக. ஆலை வேன்ல பக்கத்துல உக்கார மாட்டேங்காக. என் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த நீங்க சொன்னாப் போதும்."

"அத நான் இன்னும் சொல்ல முடியாது தாயி" என்றார் மங்கை டாக்டர். முத்துமாரியின் முகம் சுருங்கிவிட்டது. "தெரியாமச் சொன்னா அது வெறும் ஆறுதல். உனக்கு அது பத்தாது. நீயும் சோதனைக்குக் குடு. மத்தவுகளையும் வரச் சொல்லு."

பெண்கள் வந்தார்கள். ராக்கம்மாளும் வந்தார். கெட்டுப்போன சோறு என்றால் அன்றைக்கோ மறுநாளோ வாந்தியும் போக்குமாக எல்லாரையும் சேர்த்து அடித்திருக்கும். இரண்டொரு நாளில் அடங்கியும் இருக்கும். இங்கே வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. சீதபேதி போல ரத்தமும் சளியும் இல்லை. வயிறு உப்பிக்கொண்டு, நாற்றத்தோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. உடம்பு இளைத்தது. "ஏப்பம் அழுகுன முட்ட மாதிரி வருதா?" என்று கேட்டார். "ஆமா, அம்புட்டு நாத்தம்" என்றார் ராக்கம்மாள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்று அப்போதே என்னிடம் சொன்னார். ஆனாலும் மலப் பரிசோதனையில் தெரியும்வரை மருந்து எழுதவில்லை. அந்த ஒட்டுண்ணி தினமும் வெளியே வராது. ஆகவே முதல் முறை தென்படாதவர்களை வேறு வேறு நாளில் மறுபடி கொடுக்கச் சொன்னார். பலருக்கும் அது இருந்தது. முத்துமாரிக்கு எத்தனை முறை பார்த்தும் இல்லை.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. முத்துமாரியிடம் இல்லாவிட்டாலும், பச்சை வெங்காயம், குடித்த தண்ணீர் என்று கோயிலிலேயே வேறு வழியும் இருந்திருக்கலாம் அல்லவா. ராக்கம்மாளைக் கூப்பிட்டு, "இருக்கன்குடிக்கு வராமலே வயித்தால போனவுக யாராச்சும் உண்டா?" என்று கேட்டார்.

ராக்கம்மாள் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு பேரு இருக்காக. செல்விக்குத் தீட்டு, வரல. எஸ்தரு சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, அது எங்க வரப்போகுது." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் குரலைத் தாழ்த்தினார். அவருக்கே விளங்கிவிட்டது.

அந்த இருவருக்கும் அதே ஒட்டுண்ணி. இருவரும் குடித்தது ஆலைத் தொட்டித் தண்ணீர். கிடாக்கறி தின்றும் நோய் வராத பெண்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிறவர்கள். அன்று வராந்தா நிறைய ஆட்கள் இருந்தார்கள். மங்கை டாக்டர் முத்துமாரியை அழைத்து, அந்த உரத்த குரலிலேயே, "உன் சோத்துல குத்தம் இல்ல. இப்பச் சொல்றேன்" என்றார்.

ராக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போனோம். நிலத்தடித் தொட்டியில் விரிசல் விட்டிருந்தது. கழிப்பறைக் குழி அதை ஒட்டியே இருந்தது. "சீசன் நேரம் டாக்டர், லோடு நிக்குது. தொட்டிக்குக் குளோரின் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் முதலாளி.

"ஆலைய மூடச் சொல்லல. இந்தக் கிருமிக்கு நீங்க போடுற குளோரின நம்ப முடியாது. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுங்க" என்றார் மங்கை டாக்டர்.

"பட்டாசு ஆலைக்குள்ள அடுப்புப் பத்த வைக்கவா?"

மங்கை டாக்டர் வெளியே நின்ற ஆலை வேனைத் திரும்பிப் பார்த்தார். "ஊருக்குள்ள கொதிக்க வச்சு வேன்ல கொண்டுவரலாம். பெரிய அண்டா யாருட்ட இருக்கு?" என்றார்.

ராக்கம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னார். "முத்துமாரிட்டதான்."

மறுநாள் நடந்ததை, அஞ்சலி செலுத்த வந்தபோது முத்துமாரி எனக்குச் சொன்னார். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் வேனில் வந்து இறங்கியிருக்கிறது. யாரும் கிட்டே வரவில்லை. வெயில் ஏறிய பிறகு ராக்கம்மாள் தன் சொம்போடு வந்து நின்று, "ஊத்து" என்றாராம். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. தீபாவளி கழிந்து புதுத் தொட்டி கட்டும்வரை அந்தப் பெண்கள் முத்துமாரி கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

மங்கை டாக்டர் போன பிறகு அவருடைய நோயாளிகளில் சிலர் என் அறைக்கு வருகிறார்கள். இந்த வாரம் நாரணாபுரத்திலிருந்து ஒரு தொழிலாளி வந்தார். வயிற்றுப்போக்கு, மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். எப்போது தொடங்கியது, எப்படிப் போகிறது, ரத்தம் உண்டா என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். வெளியே கூட்டம் இருந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவருடைய கூச்சம் தெளியட்டும் என்று சும்மா இருந்தேன். நோயாளி வாய் திறக்கும்வரை மங்கை டாக்டர் அப்படித்தான் இருப்பார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பொறுமை ஒன்றைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தொழிலாளி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.