சொல் கேளாத கை

பள்ளியில் மதியச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தோணி அண்ணன் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டா டீச்சர். மூச்சு விட முடியல." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எங்கள் வண்டிப்பெரியார் பள்ளியில் உயிரியல் நடத்திய ஸ்டெல்லா டீச்சரின் கணவர் அவர். தேயிலை ஃபேக்டரியில் வேலை.

நானும் ஸ்டெல்லாவும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. நடுவில் தட்டி மட்டும்தான். நோய் இருப்பதே தெரியாத நாட்களில் ஒருமுறை அவர் நரம்பு பாடம் நடத்தினார். "சேதி மின்சாரம் மாதிரி நரம்புல ஓடும். நரம்பு முடியுற எடத்துல சின்ன இடைவெளி. அங்க ஒரு ரசாயனம் கசிஞ்சு அடுத்த செல்லுக்குச் சேதியக் கொடுக்கும்." பேசும்போதே சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

கையில் பலம் குறையவே கோட்டயத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா திரும்பிய பஸ்ஸில் நான் கூட இருந்தேன். "கையத் தூக்குன்னு மூளை சொல்லுது டீச்சர். அந்தச் சேதியச் சதைக்குக் கொண்டுபோற செல்லுங்க சாகுது. சேதி வராத சதை சூம்பிப்போகும்" என்றார். மருந்து இல்லையா என்று கேட்டேன். "கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். நிப்பாட்ட முடியாது." பாடம் நடத்தும் அதே குரல். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைக்குப் பின் கால் போயிற்று. நாக்கும் குழறத் தொடங்கியது. ஒரு மழைநாளில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தோணி அண்ணன் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் கண்களில் நீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். அவர் பார்வை கால் பக்கமே போய்க்கொண்டிருந்தது. போர்வையை விலக்கினேன். முழங்கால் வரை செவ்வெறும்பு. கடித்த இடமெல்லாம் தடித்திருந்தது. அவரால் காலை உதற முடியவில்லை. அவர் குழறிக் கூப்பிட்ட குரல் தகரக் கூரையில் விழுந்த மழையைத் தாண்டி அடுப்படிக்கு எட்டவில்லை.

எறும்பைத் தட்டிவிட்டு எண்ணெய் தடவினேன். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "உள்ள சேதி கொண்டுவர்ற நரம்பு நல்லாத்தான் இருக்கு. வெளிய போறதுதான் செத்துச்சு. என்னப் பத்தி 'அவளுக்கு ஒண்ணும் தெரியல'ன்னு யாரையும் சொல்ல விடாதீங்க."

அடுத்து மூச்சை இழுக்கும் சதைகளுக்கும் சேதி நின்றது.

கல்லறைத் தோட்டத்தில், கூட வேலை பார்த்தவர்களே சொன்னார்கள்: "பாவம், கடைசில ஒண்ணும் தெரியாமப் போயிருப்பா." நான் வாயெடுப்பதற்குள் அந்தோணி அண்ணன் திரும்பினார். "தெரிஞ்சுது. என்னயப் பாத்துக்கிட்டேதான் போனா."

 

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவருக்கு எல்லாம் தெரிந்தது என்ற அந்த உண்மை ஒன்றுதான். இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டேன். சொல்லியும் பாரம் குறையவில்லை.