அட்டை கேட்டு வந்தவர்கள்

மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சவர்க்காரம் மணக்கும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், காலில் அட்டை ஏறாமலிருக்கக் காய்ந்த கட்டியை முழங்கால்வரை தேய்த்துக்கொள்வார்கள். அம்மா எனக்கும் தேய்த்துத்தான் பள்ளிக்கு அனுப்புவார்.

அப்படியொரு மழைக்காலத்தில், காலையில் வேலை பிரிக்கும் "பெரட்டு"க் களத்தில் தோட்ட அதிகாரி கண்டாக்கையா அறிவித்தார்: "நாளைக்கு கெம்பஸ்ல இருந்து ஆராய்ச்சிக்காரங்க வாராங்க. எல்லாரும் அட்டை கொண்டாந்து குடுங்க. திருப்பிக் கேக்கக் கூடாது."

அவர் சொன்னது இரத்தம் குடிக்கும் அட்டையை. எங்கள் ஆட்கள் காதில் விழுந்ததோ அடையாள அட்டை. நாடற்றவர்கள் என்று பெயரெடுத்து, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து வாங்கிய அட்டை அது. லயமே கலங்கிப்போனது. "அதையும் குடுத்துட்டா, நாம யாருன்னு எதக் காட்டுறது?" என்றார் அம்மா. மறுநாள் தன் அட்டையை என் சட்டைக்குள் வைத்து ஊக்குக் குத்தி, "யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத" என்று சொல்லித்தான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு சிங்கள ஆசிரியை, தட்டுத்தடுமாறிய தமிழில் "இதுதான் வேணும்" என்று ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஓர் அட்டை நெளிந்தது. மடுவம் குலுங்கச் சிரித்தது. அட்டை குடித்த இரத்தத்தைச் சோதித்தால், காட்டில் எந்தெந்த மிருகம் நடமாடுகிறது என்று தெரியுமாம்.

கண்டாக்கையா முன்னால் வாயே திறக்காத அம்மா எழுந்து நின்றார். "ஆத்தோரத்துல தேடாதீங்க மிஸ். காட்டு எல்லையில மான் எறங்குற தடம் இருக்கு. அங்கதான் பசியோட நிக்கும். எங்க காலுக்குத் தெரியும்."

ஆசிரியை அதை எழுதிக்கொண்டு, பெயர் கேட்டார். அம்மா என் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி, அட்டையைத் தானே நீட்டினார். "பேரப் பிழையில்லாம எழுதுங்க." அன்று அம்மாவை நினைத்து எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

இன்று அந்த ஆராய்ச்சியைத்தான் நானும் செய்கிறேன். தோட்டங்களில் விளக்கப் போனால், "ரத்தம் குடிக்கிற அட்டை" என்று முழுதாகவே சொல்வேன். போன மாதம் எங்கள் தோட்டத்திலேயே பேசும்போது இந்தக் கதையையும் சொன்னேன். ஒரு சிறுமி கையுயர்த்தினாள்: "அடையாள அட்டைய எதுக்கு மிஸ் ஒளிக்கணும்?"

அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. லயத்தில் பாதி இடிந்துவிட்டது. கூடவே அந்தப் பயமும் போயிருக்கிறது. இடிந்த லயத்தை நினைத்து ஏங்குவேன்; அந்தப் பயத்தை மட்டும் நான் தேட மாட்டேன்.