வெள்ளித்தாள் சுற்றிய ஒயர்

கம்ப்யூட்டருக்கு நெட் ஒயர் இழுக்கும் தொழிலில், சரியாக இழுத்தால் நம் ஞாபகமே யாருக்கும் வராது. சொதப்பினால் மட்டும் ஃபோன் அலறும். மீட்டிங் நடுவே நெட் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த புண்ணியவான்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

பருமனே பிரதானம்

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி முதலாளி, நான் காட்டிய இரண்டு ஒயர்களையும் விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒன்று கேட் சிக்ஸ் என்கிற சாதாரண நெட் ஒயர். இன்னொன்றும் அதே ரகம்தான்; ஆனால் வெளியே இருக்கும் மின் இரைச்சல் உள்ளே புகாமலிருக்க வெள்ளித்தாள் சுற்றியது, அதனால் பருமன். அவருக்குப் பருமன்தான் பிடித்தது. "பக்கத்தில் மோட்டார் எதுவும் இல்லையே, சாதாரணமே போதும்" என்று அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தேன். கிளம்பும்போது சொன்னார்: "நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி. ஆனா பாக்க நோஞ்சானா இருக்கே!"

கிரைண்டர் ஓடும் நேரம்

அந்த வெற்றி தலைக்கேறியிருந்தது. மறுவாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீடு. ரஞ்சனி வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மா ஹாலில் கட்டிலில். இங்கேயும் சாதாரண ஒயரே போதும் என்று சொல்லி, சுவரைத் துளைக்கச் சோம்பல்பட்டு, கரண்ட் ஒயர் போகும் குழாய்க்குள்ளேயே இழுத்துவிட்டேன். கீழே இட்லி மாவுக் கடை இருப்பதையும், அதன் கிரைண்டருக்குக் கரண்ட் அதே குழாய் வழியாகப் போவதையும் நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் கிரைண்டர் ஓடியதும் ரஞ்சனி மீட்டிங்கில் பாதி வார்த்தையில் காணாமல் போனாள். ஃபோனில் அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. "இன்னொரு தடவை கட்டானா சென்னைக்கே வந்துடுன்னு கம்பெனியில சொல்லிட்டா அண்ணா. அம்மாவை பாத்ரூமுக்குக் கூட்டிண்டு போக வேற யார் இருக்கா?"

எர்த் மறந்த கதை

வெள்ளித்தாள் ஒயரோடு ஓடினேன். பழையதை உருவிவிட்டு இதை இழுத்து, கிரைண்டரைப் போடச் சொன்னேன். நெட் மறுபடியும் போயிற்று. எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் உறைத்தது: அவசரத்தில் ஒயர் நுனியில் பிளாஸ்டிக் பிளக் போட்டிருந்தேன். வெள்ளித்தாள் எர்த்தோடு சேர்ந்தால்தான் இரைச்சல் தரையில் இறங்கும். என் தப்பு என்று அசட்டுச் சிரிப்போடு ஒப்புக்கொண்டேன். கட்டிலிலிருந்து அம்மா, "மடிப்புடவை சுத்திண்டா மட்டும் போறுமா? ஆசாரமும் வேணுமோல்லியோ?" என்றார்.

மெட்டல் பிளக் போட்டு, எர்த்தில் சேர்த்து, கரண்ட் குழாயை விட்டு விலக்கி, சுவரைத் துளைத்தே இழுத்தேன். மறுநாள் மீட்டிங் நேரத்தில் நானே போய் ஹாலில் உட்கார்ந்துகொண்டேன். கீழே கிரைண்டர் ஒரு மணி நேரம் ஓடியது. உள்ளே ரஞ்சனியின் குரல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. வெளியே வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சொன்னார்: "கடைக்காரர் நன்னா ஆட்டட்டும். என் பொண்ணு ஆத்துலேயே இருக்கா."

பதினெட்டு வருஷமாக ஒயர் இழுக்கிறேன். எந்த ஒயர் என்று யோசிப்பதற்கு முன்னால் கீழே என்ன கடை என்று கேட்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.