தொப்பிக்குள் கிடந்த பிள்ளை

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் முத்தலிப்புக்குக் காது வலி தொடங்கிவிடும். கிண்ணியாத் துறையில் லொறிகளையும் மாட்டுவண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதையில் அவனுக்கு வேலை; அந்தத் தெப்பத்தைத்தான் ஊரில் பாதை என்பார்கள். விடியற்காலையில் ஈரக் காற்று நேரே காதுக்குள் புகும். சீழ் கட்டி, மார்கழி முழுவதும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டே திரிவான். சால்வையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தான். நடுக்கடலில் காற்று அதை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. அவன் மனைவி சுபைதாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

1956ஆம் ஆண்டு, வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. முத்தலிப் வாங்கிவந்த கயிற்று மூட்டைக்குள் பூச்சி அரித்த கருநீலக் கம்பளிச் சுவெற்றர்கள் மூன்று கிடந்தன.

"எறிஞ்சு போடு புள்ள, இந்த வெக்கையில ஆரு போடுவான்?" என்றான்.

சுபைதா எறியவில்லை. அவளுக்குப் பாய் இழைக்கத் தெரியும். கம்பளி பின்னத் தெரியாது. தெரிந்தவர் யாரும் அந்த ஊரில் இல்லை. ஆனால் ஓர் இழை எதன்மேல் ஏறி எதன்கீழ் இறங்குகிறது என்று பார்க்கும் கண் அவளுக்கு இருந்தது. அறுந்திருந்த நூல் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. சுவெற்றர்க் கையின் மணிக்கட்டுத் துண்டை மட்டும் தனியே வெட்டி வைத்துக்கொண்டு, ஒரு கண்ணி மற்றக் கண்ணிக்குள் எப்படிப் புகுகிறது என்று இருபது நாள் உற்றுப் பார்த்தாள். சைக்கிள் சில்லுக் கம்பி நான்கைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டாள்.

முதல் தொப்பியைச் சோற்றுப் பானைக்குத்தான் போடலாம். விளிம்பிலிருந்து பின்னிக்கொண்டு போனவளுக்கு உச்சியை மூட வழி தெரியவில்லை. அவிழ்த்தாள். பிறகு, ஓலைத் தட்டு இழைக்கும்போது நடுவில்தானே தொடங்குகிறோம் என்று நினைத்தாள். எட்டுக் கண்ணியோடு உச்சியில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணி கூட்டிக்கொண்டு இறங்கினாள். விளிம்பை நீளமாக விட்டு, காதின்மேல் இரட்டையாக மடித்தாள்.

பாதையில் நின்றவர்கள் முத்தலிப்பைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "என்ன கப்டன், கப்பல் எங்க?" என்றார்கள். அந்த மார்கழியில் அவன் காது வலிக்கவில்லை. தை பிறக்குமுன் சிரித்தவர்களில் நான்கு பேர் சுபைதாவிடம் ஆள் அனுப்பினார்கள்.

அடுத்த மார்கழியில் பெருவெள்ளம் வந்தது. பாதை நின்றுவிட்டது. அந்த நாட்களில், ஏழாம் மாதத்திலேயே சுபைதாவுக்குப் பிரசவ நோவு கண்டது. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாது. கிண்ணியாவில் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்த தங்கேஸ்வரி மிஸ்ஸி, இடுப்பளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். சல்லி என்ற ஊரின் கடற்கரையில் பிறந்தவர், தண்ணீருக்குப் பயப்படமாட்டார்.

பெண்பிள்ளை. ஒரு தேங்காய் அளவுக்குத்தான் இருந்தது. அழவும் அதற்குப் பலம் இல்லை. உடம்பு சில்லிட்டுக்கொண்டு வந்தது.

"தலையாலதான் சூடு போகுது. தலைக்கு ஏதும் இருக்கோ?" என்று மிஸ்ஸி சுற்றிலும் பார்த்தார். பின்னல் பெட்டிக்குள் அந்த மணிக்கட்டுத் துண்டு கிடந்தது. மிஸ்ஸி அதை எடுத்து, ஒரு முனையை நூலால் இறுக்கிக் கட்டி, பிள்ளையின் தலையில் மாட்டினார். அளவாக இருந்தது. பிறகு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற முத்தலிப்பிடம் திரும்பினார்.

"தம்பி, உங்கட தொப்பியைக் கழட்டித் தாங்கோ."

உள்ளே மெல்லிய பழஞ்சேலைத் துண்டை விரித்து, பிள்ளையை அக்குள் வரை அந்தத் தொப்பிக்குள் இறக்கி, சுபைதாவின் நெஞ்சோடு அணைத்து வைத்தார். "இறக்காதேங்கோ. இப்பிடியே வைச்சிருங்கோ."

வெள்ளம் வடிய ஒன்பது நாள் சென்றது. மிஸ்ஸி ஒன்பது நாளும் வந்தார். பத்தாம் நாள் பிள்ளை வாய் திறந்து அழுதது; பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். றஹ்மா என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் சுபைதா ஊசியை எடுத்தாள். மிஸ்ஸிக்குக் கொடுக்க அவளிடம் வேறு என்ன இருந்தது? மாதம் குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்கென்று தொப்பி பின்னினாள். கம்பளி அரிக்கும் என்பதால் உள்ளே பழைய மஸ்லின் வைத்துத் தைத்தாள். நாடா கழுத்தில் சுற்றிவிடும் என்று பயந்து, நாடாவே இல்லாமல் விளிம்பு தானாகப் பிடிக்கும்படி கண்ணியை மாற்றினாள். மிஸ்ஸியின் பைக்குள் எப்போதும் இரண்டு தொப்பி இருந்தது. தோப்பூரிலும் இறக்கக்கண்டியிலும் முகம் தெரியாத பிள்ளைகளின் தலைகளில் சுபைதாவின் கண்ணிகள் ஏறின. 1964ஆம் ஆண்டுச் சூறாவளி அவள் கூரையையும் கம்பளி மூட்டையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனபோது, அந்தத் தாய்மார் கூரை வேயக் கிடுகோடு வந்தார்கள். ஒருத்தி தன் புருஷனின் ஒரே சுவெற்றரைக் கொண்டுவந்து, "இத அவுத்துப் பின்னுங்க ராத்தா" என்று மடியில் வைத்தாள். சுபைதா அன்று அழுதாள். வீடு போனதற்கு அவள் அழுதிருக்கவில்லை.

1978இல் தங்கேஸ்வரி மிஸ்ஸி ஓய்வுபெற்றார். நுவரெலியாவில் படிப்பிக்கும் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்ல வந்தார்.

"அங்க குளிர் எலும்புக்க போகுமாம் சுபைதா."

"அப்ப கொஞ்சம் இருங்க மிஸ்ஸி, அளவெடுக்கணும். கொண்டையக் குலைக்காதீங்க."

"கொண்டைக்கும் அளவோ?"

"கொண்டையோடதானே குளிர்ல நடக்கப் போறீங்க."

லொறிக்காரர் ஒருவரிடம் சொல்லி, மலைநாட்டுக் கடையிலிருந்து புதுக் கம்பளி வரவழைத்தாள். அவள் அவிழ்த்தெடுக்காத முதல் நூல் அது. மயில்கழுத்து நிறம். மிஸ்ஸியின் கொண்டை பெரியது. பின்பக்கம் அதற்கென்று ஒரு வாசல் விட்டு, சுற்றிலும் நெல்மணிபோல் மேடுமேடாகப் பின்னினாள். மூன்று தரம் அவிழ்த்து, நான்காம் தரம் மனம் நிறைந்தது.

போகிற அன்று சுபைதா துறைக்கு வந்தாள். உச்சி வெயில். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தாள். தொப்பியை நீட்டினாள்.

"நீங்க அண்டைக்கு வராட்டி..." என்று தொடங்கினாள்.

"நான் வந்தனான்தானே," என்றார் மிஸ்ஸி. "நீங்கள் பின்னி வைச்சிருந்தபடியாலதான் என்ர கைக்கு ஏதும் அகப்பட்டது. அதுக்குப் பிறகு எத்தனை பிள்ளையள்! நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேணும்."

அந்த வெயிலில், அங்கேயே, தொப்பியைத் தலையில் போட்டார். கொண்டை வாசலால் ஒழுங்காக வெளியே வந்தது. பாதையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேர்க்குது மிஸ்ஸி, கழட்டுங்க," என்றான் முத்தலிப்.

"அக்கரையில கழட்டுறன் தம்பி."

பாதை நகர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, அந்த மயில்கழுத்து நிறம் அக்கரையில் ஏறும்வரை சுபைதா வெயிலில் நின்றாள். மிஸ்ஸி பஸ்ஸில் ஏறும்போதும் அதைக் கழற்றவில்லை.