இடது காதுக்கு ஒரு ஜீப்

"காது கேக்காத மனுசனுக்கு ஜீப் கேக்குதாம்."

இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையில் சூடை மீனுக்கு நின்றுகொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான். என்னைக் கண்டதும் மீனின் கண்ணைப் பரிசோதிப்பதுபோலக் குனிந்துகொண்டாள். நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. "ஓம் தங்கச்சி, கேக்குது. உமக்கென்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் நக்கலாகச் சொன்னாலும் சொன்னது முழு உண்மை. என் கணவருக்கு ஜீப் தேவைப்பட்டதே அந்தக் காதால்தான்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், வன்னியில், பக்கத்தில் விழுந்த ஷெல் ஒன்றோடு அவருடைய வலது காது கேட்காமல் போய்விட்டது. உயிரோடு விட்டதே பெரிய காரியம் என்று நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பலெர்மோவுக்கு வந்தபின் காட்டிய வைத்தியரும், நரம்பு செத்துவிட்டது, மெஷின் வைத்தும் பயனில்லை என்று கையை விரித்துவிட்டார். இடது காது நல்ல கூர்மை. ஆகவே நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம். தெருவில் இடப்பக்கம், சாப்பாட்டு மேசையில் இடப்பக்கம், கலியாண வீட்டுப் படங்களில்கூட இடப்பக்கம். எங்களுக்குள் சண்டை வந்தால் மட்டும் இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்துவிடுவார். அதோடு வழக்கு முடிந்தது.

காரில்தான் பிசகு. இத்தாலிக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். அவர் அங்கே இருந்தால் நான் வலப்பக்கம், அந்தச் செத்த காதுக்குப் பக்கத்தில். எங்களுடைய பழைய சின்னக் காரில் நான் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பார். காஸ் அடுப்பை நிப்பாட்டினீங்களோ? ஓம். நாளைக்கு வேலையோ? ஓம். இல்லையோ? அதற்கும் ஓம். பின் இருக்கையில் ஏறியும் பார்த்தேன். முன்னுக்கு எட்டி அவர் கழுத்தருகே கத்த வேண்டியிருந்தது. சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர்கள் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்தார்கள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். என் மார்பில் ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். கார் கொஞ்சத் தூரம் போனதும் எனக்கு அடக்க முடியவில்லை.

"எனக்குப் பயமாயிருக்கு," என்றேன்.

"ஓம்," என்றார். பிறகு, "பல்லரோவிலை நிப்பாட்டட்டோ? மீன் வாங்குவம்."

நான் யன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் மீன் பையைக் குசினித் தரையில் எறிந்துவிட்டு, அவருடைய இடது காதுக்குள் கத்தினேன். "பயமாயிருக்கெண்டு சொன்னனான். அதுக்கு ஓமோ?"

அவர் முகம் கறுத்துப்போயிற்று. மன்னிப்பும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தரையில் சிதறிய மீனைப் பொறுக்கிக் கழுவத் தொடங்கினார். எனக்கு அன்று அந்த மனுசனை வெறுத்தே போய்விட்டது.

கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. நான் வழமைக்குத் திரும்பினேன். அவர் யப்பானுக்குப் போய்விட்டார். போனில்தான்.

இலங்கையில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. எங்கள் நாட்டைப் போலவே யப்பானிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே ஓடிய வாகனங்களைத்தான் கப்பல் கப்பலாக எங்கள் நாட்டில் இறக்குவார்கள். வலப்பக்கம் இருந்து அவர் ஓட்டினால் நான் இடப்பக்கம், கேட்கிற காதுக்குப் பக்கத்தில். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

"கிட்ட இருக்கிற மால்டாவிலையும் வலப்பக்கம்தானே?" என்றேன்.

"பாத்தனான். நான் பாத்ததெல்லாம் உப்புக்காத்திலை அடி உக்கினது."

"சரி, சின்னக் கார் ஒண்டை எடுங்கோவன். பணக்காரர் ஓடுற ஜீப் எங்களுக்கு என்னத்துக்கு?"

"சத்தம்," என்றார். "விலை கூடின வாகனத்துக்கு உள்ளுக்கு எஞ்சின் சத்தம் வராது. எனக்கு இருக்கிறது ஒரு காது. அதை எஞ்சினுக்குக் குடுக்கேலாது." பிறகு சொன்னார்: "இன்னொண்டு. இந்த நாட்டிலை வலப்பக்கம் இருந்து ஓடினால், ஒரு லொறியை முந்தேக்கை எதிரை வாறது எனக்குத் தெரியாது. நீர்தான் பாத்துச் சொல்லவேணும். உயரத்திலை இருந்தால்தான் உமக்கும் தெரியும்."

மீன் கழுவிய அந்த நாளிலிருந்து இந்த மனுசன் மனதுக்குள் இதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெறுத்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது.

"என்ன நிறமெண்டாலும் பரவாயில்லை. வெள்ளை மட்டும் வேண்டாம்," என்றேன். வன்னியில் உதவிக்கு வந்திருந்தவர்களின் வெள்ளை ஜீப்புகள் ஒரு நாள் எங்களை விட்டுவிட்டு வரிசையாகப் போனதை நாங்கள் இரண்டு பேருமே தெருவோரம் நின்று பார்த்தவர்கள். அவர் தலையாட்டினார்.

யப்பானில் பழைய வாகனங்கள் ஏலம் போகிற இடத்தில் எங்கள் நாட்டுத் தமிழர் ஒருவர் வேலை செய்கிறார். அவரை என் கணவர் எப்படியோ பிடித்துவிட்டார். மற்றவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள், எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்பார்கள். இவர் அதெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் இப்படிக் கேட்பார்: "அண்ணை, போனை ஸ்டியரிங் பக்கத்துச் சீற்றிலை வைச்சிட்டு, எஞ்சின் ஓடேக்கை, நீங்கள் இடப்பக்கச் சீற்றிலை இருந்து மெதுவாக் கதைச்சு ரெக்கோட் பண்ணி அனுப்புவீங்களோ?"

அந்த மனிதருக்கும் என்ன பொறுமையோ, அனுப்பினார். நான் சமைத்துக்கொண்டிருக்க, குசினி முழுவதும் அவருடைய குரல். "ஒண்டு, ரெண்டு, மூண்டு. அண்ணை, கேக்குதோ? இண்டைக்கு இஞ்சை சரியான குளிர்." ஒரு ஜீப்பில் குரல் இரைச்சலில் கரைந்துபோகும். இன்னொன்றில் குளிர்காற்று மெஷின் உறுமும். இவர் போனை இடது காதோடு ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது சரிவராது," என்பார். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. ஒரு நாள் கரும்பச்சை ஜீப் ஒன்றிலிருந்து அந்தக் குரல், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவதுபோல வந்தது. "அண்ணை, உங்கடை மனுசி குடுத்துவைச்சவ."

இவர் கண்ணைத் திறந்து, "இதுதான்," என்றார்.

கப்பல் வந்து, சுங்கம் முடிந்து, ஜீப் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான தலையிடி. இது ஐரோப்பாவுக்கென்று செய்த வாகனம் இல்லை. இங்கத்தைய சட்டத்துக்குப் பொருந்துகிறது என்று பொறியியலாளர் பரிசோதித்து ஒப்புக்கொண்டால்தான் இலக்கத் தகடு தருவார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கழற்றிப் பாகம் பாகமாக விற்க வேண்டியதுதான். முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன் விளக்குகள் தெருவின் இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்குச் செய்தவை. இங்கே எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்குமாம்.

நான் சோர்ந்துபோனேன். மூச்சுக்கு மூச்சு சத்தம் போட்டேன். அவர் சோரவில்லை. நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில், தான் வேலை செய்கிற தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கிவிட்டு, கையில் தோல் வாசத்தோடு வீட்டுக்கு வந்து, போனில் விளக்குத் தேடுவார். கடைசியில் ஜேர்மனியில் உடைத்த ஜீப் ஒன்றிலிருந்து விளக்குகள் வந்தன. சீசாப் பகுதியில் இருக்கிற எங்கள் மெக்கானிக் அவற்றைப் பூட்டி, பின்பக்கம் இருக்க வேண்டிய மூடுபனி விளக்கையும் சேர்த்துக் கொடுத்தார்.

இரண்டாவது பரிசோதனைக்கு நானும் போனேன். பொறியியலாளர் நரைத்த மீசைக்காரர். ஊர் முழுக்க இடப்பக்கம் இருக்க, ஏன் இந்த வலப்பக்க ஸ்டியரிங் என்று கேட்டார். என் கணவருடைய இத்தாலிய மொழிக்குக் கையும் உதவ வேண்டும். இடது காதைத் தொட்டுக் காட்டினார். "ஒரேக்கியோ குவி," என்றார். காது இங்கே. பிறகு என்னை இழுத்துத் தன் இடப்பக்கம் நிறுத்தினார். "மோலியே குவி." மனைவி இங்கே.

அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தானென்றால் கேட்காத காதைத்தான் மனைவி பக்கம் வைத்திருப்பேன் என்றார். சிரித்தாரே தவிர ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. குனிந்து, நிமிர்ந்து, எல்லாவற்றையும் அளந்தார். விளக்கை எரியவிட்டு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் தலையாட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது.

முதல் ஓட்டம் சியாகுல்லிக்கு. தோட்டத்துக்காரருக்குக் காட்ட வேண்டுமாம். ஜீப் ஸ்ராட் ஆனதும் உள்ளேயிருந்து ஒரு யப்பான்காரியின் குரல் குழைந்து குழைந்து ஏதோ சொன்னது.

"ஓம்," என்றார் இவர்.

"விளங்கினதோ?"

"இல்லை. ஆனால் கேட்டுது."

வழியெல்லாம் நான் வாய் ஓயவில்லை. அவரும் விடவில்லை. அந்தத் தெருவால் போவம் என்றால் இல்லை என்றார். நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை கூடிப்போச்சு என்றால், நீர்தான் இழுத்துப்போட்டுச் செய்யிறனீர் என்றார். இத்தனை வருடமும் காரில் ஓம் என்ற மனுசன் சொல்லுக்குச் சொல் மறுத்துக்கொண்டு வந்தார். எரிச்சலாகவும் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

தோட்டங்கள் தொடங்குகிற ஒடுங்கிய தெருவில், மண்டரின் பெட்டிகள் அடுக்கிய மூன்று சில்லு லொறி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"பாரும், எதிரை ஏதும் வருதோ?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கொஞ்சத் தூரம் தெரு வெறுமையாக இருந்தது. அதற்கப்பால் வளைவு. போங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதை நம்பி இவ்வளவு பெரிய ஜீப்பை எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துவிடுவார்.

"எனக்குப் பயமாயிருக்கு," என்றேன்.

கத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். அவர் அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தார். ஜீப் வேகம் குறைந்து அந்தச் சின்ன லொறிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கும்," என்றார்.

பின்னால் வந்தவன் திரும்பவும் ஹோர்ன் அடித்தான். இவர் அவனைக் கவனிக்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே சொன்னார்:

"அண்டைக்கும்."