தட்டை ஊரில் நாலு சில்லும் இழுக்கும் கார்

என் கையெழுத்தை வாசித்து அச்சுக்கு அடிக்கிற பிள்ளை இந்தக் கிழமை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து எப்போதும் கோழி கிளறிய மண் மாதிரித்தான் இருக்கும். இன்றைக்குக் கோபமும் சேர்ந்துவிட்டது. எழுத்துப் பிழைகளையும் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்த கை இது.

நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்க வராது. புத்தூர்ச் சந்தியில் என்னைக் கண்டு, "நீங்கள்தானே பேப்பரிலை எழுதிறனீங்கள்?" என்று கேட்டவர்களுக்கு அது தெரியும். தலையை ஆட்டிவிட்டு நழுவியிருப்பேன். கதைக்க வராத குறைக்குத்தான் எழுதுகிறேன்...

ஆனால் போன வெள்ளிக்கிழமை கதைத்துவிட்டேன். முற்றத்து மாமரத்தில் இருந்த காகம் எழும்பிப் பறக்கிற அளவுக்கு உரத்துக் கதைத்தேன்.

எல்லாம் என் காரால் வந்தது.

சின்னக் கார். ஆனால் ஜீப் மாதிரிக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்தது. நல்ல ரோட்டில் முன் சில்லு இரண்டும் இழுக்கும். அவை வழுக்கினால் பின் சில்லு இரண்டும் சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் வித்தை. திறப்பைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான்காரி ஏதோ சொல்லுவாள். என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. என் மனைவி யோகம் மட்டும் ஒவ்வொரு முறையும், "ஓம் பிள்ளை, போட்டு வாறம்" என்று மறுமொழி சொல்லுவாள்.

ஏன் இந்தக் கார்? எங்கள் வீட்டு ஒழுங்கையை ஒருமுறை மாரியில் வந்து பாருங்கள். வெயிலில் செம்மண், மழையில் குழைத்த மா. பெரிய ஜீப் என்றால் இரண்டு பக்கத்து வேலியையும் பிய்த்துக்கொண்டு போகும். தாழ்ந்த கார் என்றால் வயிறு தேயும். இது நடுவில் நிற்கிற சாதி. என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாகத் தெரிவுசெய்த ஒரே பொருளும் இதுதான். கலியாணம்கூட மாமா பார்த்துச் செய்தது. நல்லாய்த்தான் பார்த்தார் — அது வேறு விஷயம்.

யோகத்தின் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ரவுணில் வீடு. பென்சன்காரர். சத்தமே இல்லாமல் ஓடுகிற ஹைபிரிட் கார் வைத்திருக்கிறார். அந்தக் கார் மாதிரி அவர் இல்லை.

என் காரை முதல்நாள் கண்டவுடன் கேட்டார்.

"யாழ்ப்பாணத்திலை மலை எங்கை மச்சான் இருக்கு? நாலு சில்லும் இழுக்கிறதுக்கு நீர் என்ன நுவரெலியாவிலையோ தோட்டம் செய்யிறீர்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

போன வருடம் யோகம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஒப்பரேசன் செய்து, பொல்லோடு நடக்கத் தொடங்கினாள். டொக்டர் பிள்ளை ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னா: "அம்மா, பதிஞ்ச கதிரையிலை இருக்கக் கூடாது. முழங்காலுக்கு மேலை இடுப்பு நிக்கவேணும்." வீட்டுக் கதிரைகளுக்கெல்லாம் கால் உயர்த்தினேன். கட்டிலுக்குக் கல் வைத்தேன்.

அந்த நாட்களில் ஒருமுறை அத்தானின் காரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாள். ஏற்றும்போது ஒருவாறு ஏற்றிவிட்டோம். மண்டப வாசலில் இறக்கத்தான் முடியவில்லை. கிணற்றுக்குள் இருந்து தூக்குவது மாதிரி இரண்டு ஆம்பிளைகள் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள். வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்டுகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோகம் தலையைக் குனிந்தபடியே உள்ளே போனாள். அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அவளுக்குத் தலையிடிதான்.

கிளினிக்குக்கு மட்டும் என் காரில் வருவாள். கதவைத் திறந்து, சீற்றில் பின்பக்கத்தை வைத்து, காலை உள்ளே திருப்பிக்கொள்வாள். இறங்கும்போது கால் நேராக நிலத்துக்குப் போகும். பொல்லை ஊன்றுவாள். எழும்புவாள். ஒருவரும் தொடத் தேவையில்லை. நான் கிட்டப் போனால், "அங்காலை நில்லுங்கோ" என்பாள்.

தெல்லிப்பழைக் கிளினிக்கில் அவள் பயிற்சி செய்கிற நேரம் நான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். என் கார் மாதிரியே கார் வைத்திருக்கிற இரண்டு பேர் அங்கே கூட்டு. ஒருவர் இளைப்பாறிய மாஸ்ரர். மற்றவர் காங்கேசன்துறைப் பக்கம் மீன் எடுத்து விற்கிற கமலாக்கா. இரண்டு பேரும் கதைக்க நான் கேட்பேன். எனக்குத் தோதான கூட்டு.

"பின்னாலை ஒண்டும் தெரியாது," என்பார் மாஸ்ரர். "பின் கண்ணாடி தபால் பெட்டி வாய் மாதிரி. கமராவைப் பாத்து எடு எண்டு மகன் சொல்லுறான். கமரா முழுக்கச் சேறு!"

"உங்களுக்குச் சேறு, எனக்கு உப்பு," என்பா கமலாக்கா. "மணலுக்குள்ளை ஐஸ்பெட்டியோடை இறங்கி ஏற நாலு சில்லும் வேணும். ஆனால் கழுவாமல் விட்டால் அடித் தகரத்தை உப்புத் தின்னும்."

"பெற்றோல்?"

"குடிக்கும்தான். என்ரை மனுசனும்தான் குடிச்சவர். இது குடிச்சாலும் வேலைக்குப் போகுது மாஸ்ரர்!"

மாஸ்ரருக்குப் புரையேறிவிட்டது.

இப்படி எங்கள் காருக்கு நாங்களே நூறு குறை சொல்லுவோம். பின்னுக்கு மூட்டை வைக்க இடம் காணாது. பின் சில்லுகளுக்கும் சக்தி போவதால் அடியில் பார்க்கிற வேலை கூடுதல். ஓம், எல்லாம் உண்மை. ஆனால் வெளியாள் ஒருவர் வந்து ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம்!

இனி என் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயதில் மூத்தவர் ஒரு முடிவைச் சொல்லுவார். இளையவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நின்றால் அது சம்மதம். கலியாணப் பேச்சிலும் அப்படித்தான், மாடு விற்கும்போதும் அப்படித்தான். விருப்பமில்லாதவர் அந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் போச்சு.

மாரிக்கு முன் டயர் தேய்ந்திருந்தது. நாலையும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்று கராஜ்காரத் தம்பி சொன்னான். அத்தான் பக்கத்தில் நின்றார்.

"உது ரயர் விக்கிறவன்ரை கதை. முன்னுக்கு ரெண்டு புதுசு போடும். பின்னுக்குக் கிடக்கிறது இன்னும் ஒரு வருசம் ஓடும். நாங்கள் காலங்காலமா உப்பிடித்தானே செய்யிறம்?"

உண்மைதான். இரண்டு இரண்டாக மாற்றாத வீடு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? நான் நிலத்தைப் பார்த்தேன். இரண்டு டயர் மாறியது.

உயர்ந்த மாட்டையும் கட்டை மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன நடக்கும்? கழுத்துப் புண்ணாகும். இதிலும் அதுதான் நடந்தது. முன்னுக்குத் தடித்த டயர், பின்னுக்குத் தேய்ந்த டயர். இரண்டும் ஒரே அளவாகச் சுற்றவில்லை. முன் சில்லையும் பின் சில்லையும் இணைக்க இடையில் இருக்கிற சாமான் நாள் முழுக்க மாரடித்துச் சூடேறியது. கார்த்திகையில் ஒருநாள் காலை, நல்ல மழை, கிளினிக்குக்குப் போகிற வழி. எங்கள் ஒழுங்கையின் நடுச் சேற்றில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பின் சில்லுகள் வேலையை விட்டுவிட்டன. முன் சில்லுகள் அந்த இடத்திலேயே சுற்றின.

பக்கத்துத் தோட்டத்துக் குமாருவின் ட்ரக்டர்தான் வந்து இழுத்தது. யோகம் உள்ளே நேராக இருந்தபடி வர, கயிறு கட்டி இழுத்தார்கள்.

"தேர் வருது, தேர் வருது! வடம் பிடியுங்கோ!" என்று வேலிக்கு வேலி சத்தம்.

"அண்ணை, நாலு சில்லும் இழுக்கும் எண்டியள். இப்ப ட்ரக்டர்ரை நாலும் சேத்து எட்டுச் சில்லு எல்லோ இழுக்குது!" என்றான் குமாரு.

அன்று மாலையே அத்தானுக்குச் செய்தி போய்விட்டது. வந்தார். காரை ஒருமுறை சுற்றி நடந்தார்.

"பாத்தீரே? சேத்துக்கு எண்டு வாங்கினீர், சேத்திலையே இறுகிப் போச்சு. தை பிறக்கட்டும். நல்ல ஆளாப் பிடிச்சுத் தாறன், வித்துப் போடும். யோகத்தைக் கிளினிக்குக்கு ஏத்த என்ரை கார் இருக்கு, ஓட்டோ இருக்கு."

டயர் இரண்டும் உங்கள் யோசனைதானே என்று சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. தங்கைக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நம்புகிறார். அப்படிப்பட்டவரிடம்தானே மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்?

அவர் போனபிறகு நாலு டயரும் ஒரே மாதிரியாகப் போட்டேன். கராஜ்காரத் தம்பி அடியில் பார்க்க வேண்டியதைப் பார்த்தான். மஞ்சள் விளக்கு அணைந்தது. அடுத்த மழையில் அதே சேற்றில், அதே கார், ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிப் போனது. அதைப் பார்க்க வேலியில் ஒருவரும் நிற்கவில்லை. நல்லது நடக்கிறபோது எங்கள் ஊருக்கு நேரமில்லை.

போன வெள்ளி. கிளினிக்குக்குப் புறப்பட்டு யோகம் காரில் ஏறிவிட்டாள். நான் படலையைத் திறக்கப் போனேன். வாசலில் அத்தானின் கார். அத்தானோடு வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர். கையில் வெற்றிலைத் தட்டு, அதில் பாக்கு, பழம், ஒரு கடித உறை. அச்சாரம்!

"நல்ல நாள், நல்ல நேரம் மச்சான். ஆள் தெரிஞ்ச ஆள். காரைப் பாத்திட்டுக் கையோடை பேசி முடிப்பம்."

தட்டை என் முன்னால் நீட்டினார்கள். என் கண் பழக்கப்படி நிலத்துக்குப் போனது.

"ஆள் ஒண்டும் சொல்லமாட்டார்," என்றார் அத்தான் அந்த மனிதரிடம். "கூச்ச சுபாவம். அவருக்கு ஓம்தான்." பிறகு காரைப் பார்த்து, "யோகம், ஒருக்கா இறங்கு பிள்ளை. இவர் ஓடிப் பாக்கட்டும்."

யோகம் பொல்லைக் கையில் எடுத்தாள். கதவைத் திறந்தாள். காலைத் திருப்பினாள். நிலத்தில் வைத்தாள். பொல்லை ஊன்றினாள். அண்ணன் கை கொடுக்கப் போனார்.

"அங்காலை நில்லுங்கோ அண்ணை. நான் இறங்குவன்."

இறங்கினாள். சீலைக் கொசுவத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றாள். பிறகு காரின் கதவில் கையை வைத்தாள்... எடுக்கவில்லை.

நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது அவளுடைய இரண்டு கால்கள்தான். ஒருவரும் தூக்கி வைக்காத கால்கள்.

"விக்க மாட்டன்."

என் குரல்தான். காகம் பறந்தது இந்த இடத்தில்தான்.

"என்ன மச்சான்?"

"விக்க மாட்டன் எண்டனான். பெற்றோல் குடிக்கட்டும். மூட்டை ஏத்த இடமில்லாமல் போகட்டும். ஊர் சிரிக்கட்டும். உங்கடை காரிலை இருந்து உங்கடை தங்கச்சியை இறக்க ரெண்டு ஆம்பிளை வேணும் அத்தான். இதிலை அவள் தானா இறங்குவாள். இப்ப பாத்தனீங்கள்தானே?"

அத்தான் தங்கையைப் பார்த்தார். கதவில் இருந்த அவளுடைய கையைப் பார்த்தார். தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தார்.

எங்கள் வழக்கப்படி அது சம்மதம்.

வெள்ளைச் சேட்டுக்காரர் பாவம். நல்ல நாளில் தட்டோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? தோட்டத்தில் பீற்றூட் கிண்டி வைத்திருந்தேன். உறையைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பை பீற்றூட்டும் கொடுத்தேன். வெற்றிலையில் ஒன்றை எடுத்து நான் போட்டுக்கொண்டேன். கதைத்த வாய்க்கு ஏதாவது வேண்டும் அல்லவா?

பிறகு காரை எடுத்தேன். ஜப்பான்காரி தன்பாட்டில் ஏதோ சொன்னாள். "ஓம் பிள்ளை, நாங்கள்தான்" என்றாள் யோகம். தெல்லிப்பழையில் இறங்கும்போது கேட்டாள்: "வாற கிழமை ஒரு கலியாண வீடு இருக்கெல்லோ... போவமே?"

யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. பதிந்த சீற்றுக்கும் மண்டப வாசலுக்கும் இடையில் இருக்கிறது. இடுப்பு முறிந்த ஒருத்தியிடம் கேளுங்கள், எவ்வளவு உயரம் என்று சொல்லுவாள்.

இன்னும் யாராவது தட்டோடு வர நினைத்தால் வரலாம். கார் கிடைக்காது. பீற்றூட் கிடைக்கும்.

— கலியாண வீட்டுக்குப் போய்வந்து எழுதியது, தை மாதத்துக் கடைசி வெள்ளி.